பி பேஸ், ஜாஸ் பேஸ், ஸ்டிங்ரே: வடசென்னை மேடைக்கு எது தாங்கும்?

ஒன்றரை லட்சத்துக்கு மேல் விலை போகும் பேஸ் கித்தார்களில் மட்டமான வேலைப்பாடு அபூர்வம். கடைக்குள் நுழைந்து ஏசி அறையில் நல்ல ஆம்ப்பில் சொருகி வாசித்தால் எல்லாமே பிரமாதமாகத்தான் கேட்கும். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருந்து வாசிப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஏறும் மேடையில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா, பாடுகிறவருக்கு எத்தனை கட்டை, வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

இங்கே அலசுவது மூன்று வகை. ஃபெண்டர் பிரிசிஷன், அதாவது பி பேஸ், 1951இல் வந்தது. கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப்; இப்போது நாம் பார்க்கும் இரண்டாகப் பிளந்த பிக்கப் 1957இலிருந்து. ஃபெண்டர் ஜாஸ் பேஸ் 1960. மியூசிக் மேன் ஸ்டிங்ரே 1976, சிக்னலை உள்ளேயே பெருக்கித் தரும், பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப்போடு. சாடோவ்ஸ்கி மாதிரி இன்னும் மேல் விலையில் வருவதும் ஜாஸ் பேஸின் வாரிசுதான். ஆகவே இந்த மூன்றின் குணம் புரிந்தால் மற்றதை எடைபோடுவது சுலபம்.

இரைச்சலும் எர்த்தும்

ஆடி மாதம் கூழ் வார்க்கும் தெருவில் மேடை போட்டால் கரண்ட் எப்படி வரும்? ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயர். அதே ஒயரில் சீரியல் செட், எல்இடி லைட், மிக்ஸர், கடைசியில் உங்கள் ஆம்ப். ஜாஸ் பேஸின் பலவீனம் தெரிவது இங்கேதான். அதில் இருப்பது இரண்டு ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப். ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியிருப்பதால் இரண்டு வால்யூமும் முழுதாக இருக்கும்வரை இரைச்சல் அடிபட்டுப் போகும். பின் பிக்கப்பின் மூக்கால் பேசுகிற குரலுக்கு ஆசைப்பட்டு முன் பிக்கப்பைக் குறைத்தீர்களோ, ‘ம்ம்ம்’ என்று ஆரம்பித்துவிடும்.

அது வெறும் தொந்தரவாக மட்டும் நிற்காது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் (விரல் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) பிறக்கும் ஜி, அதாவது ஐந்து கட்டை, 49 ஹெர்ட்ஸ். ஆக, இரைச்சல் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, சுருதி சேராமல் பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மிக்ஸரில் அந்த இடத்தை வெட்டினால் உங்கள் ஜியும் சேர்ந்து போகும். கூடவே 100, 150 ஹெர்ட்ஸிலும் அதன் கிளைகள் கேட்கும்.

பி பேஸின் பிக்கப் இரண்டு பாதியும் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அடிக்கும்படி அமைந்தது. ஸ்டிங்ரேயில் இருப்பது ஹம்பக்கர், இரண்டு சுருள் சேர்ந்து இரைச்சலை அடிக்கும் பிக்கப். தெரு மேடையைப் பொறுத்தவரை ஜாஸுக்குக் கடைசி இடம்தான். ஜாஸின் குரல்தான் வேண்டுமென்றால் ஃபெண்டர் அமெரிக்கன் அல்ட்ரா மாதிரி இரைச்சலில்லாத பிக்கப் போட்ட மாடலுக்குப் போக வேண்டும்.

இரைச்சல் காதோடு போகும், எர்த் உயிருக்கு உலை வைக்கும். பேஸின் கம்பிகள், அவற்றை உடலோடு பிடிக்கும் பிரிட்ஜ் வழியாக, கேபிளின் ஷீல்டு வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தவை. ஆம்ப் ஒரு லைனிலும் மிக்ஸர் இன்னொரு லைனிலும் ஓடி, ஒன்றில் எர்த் இல்லையென்றால், கை கம்பியில் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டதும் ஷாக் அடிக்கும். சவுண்ட் செக்குக்கு முன்னால் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மற்றதை மைக்கின் வலையிலும் தொட்டுப் பாருங்கள். முள் அசையாமல் இருந்தால் நல்லது. பத்து, இருபது என்று ஏறினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டையும் எர்த் உள்ள ஒரே போர்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். அதுவரை தொட வேண்டாம். இரைச்சல் நிற்கிறதென்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிப் போடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. எந்த பேஸாலும் அதற்கு ஈடுகட்ட முடியாது.

பேட்டரி

ஸ்டிங்ரேயின் பலம் அதன் ப்ரீஆம்ப். நீளமான கேபிளில் பாஸிவ் பேஸின், அதாவது பேட்டரி இல்லாததின், மேல் சத்தம் மழுங்கும், இதில் மழுங்காது. பறையும் பேடும் அலறும் இடத்தில் கட்டைவிரல் அடி தெளிவாக வெளியே வரும். ஆனால் பாஸிவுக்கு மாற்றும் சுவிட்ச் கிடையாது. பேட்டரி செத்தால் பேஸ் ஊமை. அல்ட்ரா ஜாஸில் அந்த சுவிட்ச் இருக்கிறது, மானம் காக்கும்.

2018இல் வந்த ஸ்டிங்ரே ஸ்பெஷலுக்கு 18 வோல்ட், அதாவது இரண்டு 9 வோல்ட் பேட்டரி. கேபிளைச் சொருகியதும் மின்சாரம் ஓடத் தொடங்கும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். டீ குடிக்கப் போகும்போது பிடுங்கிவிட்டுப் போவது ஒன்றுதான் சிக்கனம். பேட்டரி தளர்ந்தால் முதலில் பலமான அடியில் சத்தம் கிழியும், பிறகு மொத்தமும் அமுங்கும். கிழியத் தொடங்கிய பிறகு ஒரு பாட்டு தாங்குமா இரண்டு தாங்குமா என்று கணக்குப் போடாதீர்கள். தெருமுனைக் கடையில் கிடைக்கும் மலிவான ஜிங்க் கார்பன் வேண்டாம்; ரிச்சி தெருவில் ஆல்கலைன் வாங்கி ஒரு ஜோடி உபரியாகப் பையில் வையுங்கள். மாதக்கணக்கில் வாசிக்காமல் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். ஒழுகினால் உப்புக் காற்றில் பேட்டரி தொடும் தகடு கெட்டுப்போக அதிக நாளாகாது.

நாலு கம்பியா, ஐந்தா?

கடைக்காரர் ஐந்து கம்பியைத்தான் முன்னால் எடுத்து வைப்பார். கட்டைக் கணக்குப் போட்டால் தேவையா இல்லையா என்பது விளங்கிவிடும். நாலு கம்பியில் அடிக் கம்பி ஈ, மூன்று கட்டை, 41 ஹெர்ட்ஸ். பாடுகிறவர் நாலு, ஐந்து, ஐந்தரை என்றால் கீழ் ஷட்ஜம் அதற்குள்ளேயே அடங்கும். ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்றால் அடங்காது. ஐந்தாவது பி கம்பி வேண்டும். ஒரு கட்டைப் பாட்டில் அந்த ஷட்ஜம் பி கம்பியின் முதல் ஃப்ரெட், 33 ஹெர்ட்ஸ்.

இதில் ஒரு வேடிக்கை. விசேஷங்களுக்கு வாடகைக்கு வரும் பாக்ஸ்களில் பல 45, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே கையை விரித்துவிடும். கேட்பவர் காதில் விழுவது அதன் மேல் இழையான 65 ஹெர்ட்ஸ்தான். பி கம்பி தொளதொளவென்று இருந்தால் அந்த இழையும் தெளிவாக வராது. அதனால் ஐந்து கம்பி வாங்கினால் 35 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) உள்ளதையோ, 34 என்றால் 0.130 அங்குலக் கனமுள்ள பி கம்பி போட்டதையோ வாசித்துப் பாருங்கள். இரண்டு, இரண்டரைக் கட்டை எப்போதாவதுதான் என்றால் நாலு கம்பி பேஸில் ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டர் பிருடை போதும். சின்ன நெம்புகோலைத் தட்டினால் ஈ கம்பி டிக்கு, அதாவது இரண்டு கட்டைக்கு, இறங்கும். செலவும் எடையும் மிச்சம்.

கைக்கு அடக்கம் என்று பார்த்தால் ஜாஸ். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டையின், அதாவது நட்டின், அகலம் 38 மில்லிமீட்டர். பி பேஸும் ஸ்டிங்ரேயும் ஏறத்தாழ 41. சின்னக் கைக்காரருக்கு இரண்டு மணி நேரக் கச்சேரியில் இந்த 3 மில்லிமீட்டர் நன்றாகவே உறைக்கும்.

உப்புக் காற்று

காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ கடலைப் பார்த்த வீட்டு ஜன்னல் கம்பி என்ன கதியாகிறதென்று பாருங்கள். அதே காற்றுதான் பேஸையும் தின்கிறது. முதல் பலி கம்பிகள் அல்ல, அவற்றை மாற்றிக்கொள்ளலாம். பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் ஒவ்வொரு சாடிலிலும் உயரம் கூட்டிக் குறைக்க இரண்டு தலையில்லாத பொடி ஸ்க்ரூ இருக்கும். நாலு கம்பிக்கு எட்டு. வியர்வையும் உப்பும் இறங்கி அவை இறுகிவிட்டால், ஆலன் கீ உள்ளே வழுக்கும், அறுகோணம் உருண்டுவிடும், பிறகு ட்ரில்தான். வாரத்துக்கு ஒருமுறை துடைத்து, மாதம் ஒருமுறை காது குடையும் பஞ்சுக் குச்சியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தொட்டு வைத்தால் இது நடக்காது. பேஸின் மேல் நேராக ஸ்ப்ரே அடிக்காதீர்கள், பிக்கப்புக்குள் போகும்.

இந்த ஆட்டத்தில் ஸ்டிங்ரே முந்துகிறது. சாடில் ஸ்டெயின்லெஸ், ஸ்பெஷல் மாடலில் ஃப்ரெட்டும் ஸ்டெயின்லெஸ். சாதாரண நிக்கல் ஃப்ரெட் பச்சை படியும், தேயும். இன்னொன்று, நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சு என்று பெருமையாகச் சொன்னால் யோசியுங்கள். சித்திரை வெயிலில் ரப்பர் ஸ்டாண்டில் சாய்த்து வைத்த நைட்ரோ, ஸ்டாண்டோடு ஒட்டிக்கொண்டு வரும். பாலி பூச்சுக்கு அந்தக் கவலை இல்லை.

ஃபிங்கர்போர்டில் ரோஸ்வுட் என்று போட்டிருப்பது பல மாடல்களில் நம்மூர் ஈட்டி மரமேதான். அழிவில் இருக்கும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு 2017இல் வந்தது உண்மை. 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதச் செலவைச் சொல்லி யாராவது விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

கையில் எடுத்ததும்

முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள், உடலோடு நெக் சேரும் இடத்தில் ஈ கம்பியை அழுத்துங்கள். ஏழு, எட்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, சுமார் 0.3 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். கூடுதலோ குறைவோ இருந்தால் நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட்டைக் கால் சுற்றுத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். அசைந்தால் சரி, அசையாவிட்டால் அந்த பேஸை அங்கேயே வைத்துவிடுங்கள். ஃபெண்டரின் அமெரிக்க மாடல்களுக்கு அங்குல அளவு சாவி வேண்டும். மில்லிமீட்டர் சாவியைத் திணித்தால் டிரஸ் ராடின் திருகு முனை கெடும். ஸ்டிங்ரேயில் நெக்கின் அடியில் ஒரு சக்கரம், எந்தக் கம்பித் துண்டாலும் திருப்பலாம். மழைக்காலத்தில் மரம் அசையும் ஊரில் இது பெரிய வசதி.

அடுத்து ஜி கம்பி. ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக அடித்து விடாமல் பிடியுங்கள். ஏதாவது ஒரு சுரம் மட்டும் பட்டென்று அணைந்தால் அது டெட் ஸ்பாட். நெக் தன் அதிர்வால் அந்தச் சுரத்தை விழுங்குகிறது. விலை எவ்வளவானாலும் ஃபெண்டர் வகையில் ஓரளவு இருக்கும். அதே மாடலில் இரண்டு மூன்று எடுத்துப் பார்த்தால் ஒன்றில் குறைவாக இருக்கும். அதை எடுங்கள்.

ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டுக் கையை எடுங்கள். தலை கீழே சாய்ந்தால் கச்சேரி முழுக்க இடது தோள்தான் சுமக்கும். எடை 4 கிலோவுக்குள் இருந்தால் நல்லது, 4.5ஐத் தாண்டினால் வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பெயர்க் குழப்பம் ஒன்று. ஸ்டெர்லிங் பை மியூசிக் மேன் என்பது அதே கம்பெனியின் மலிவு வரிசை. கலிஃபோர்னியாவில் செய்யும் எர்னி பால் மியூசிக் மேன் வேறு, விலையும் பல மடங்கு. ஃபெண்டரில் அமெரிக்க வரிசையின் சீரியல் 2010க்குப் பிறகு யுஎஸ் என்றும் மெக்சிகோ வரிசை எம்எக்ஸ் என்றும் பெரும்பாலும் தொடங்கும். உண்மையான எண்ணைப் போலியில் அச்சடிப்பது கஷ்டமில்லை. நெக்கைப் பிடித்திருக்கும் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி அதன் அடியையும் அது உட்காரும் குழியையும் பார்க்க விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் எதுக்கு சார்’ என்று இழுத்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.