பொதிகையா, வெள்ளியங்கிரியா?

வேண்டுதலுக்காக ஏறுகிறவர் யோசிக்கவே வேண்டாம், வெள்ளியங்கிரிதான். கோவைப் பக்கம் பூண்டி அடிவாரத்தில் ஒரு மூங்கில் கம்பை வாங்கிக்கொண்டு கிளம்பினால் ஏழாவது மலையில் சுயம்புலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு மறுநாளே வீடு திரும்பிவிடலாம். செலவும் குறைவு. பொதிகைக்கு, அதாவது அகத்தியர்கூட உச்சிக்கு, கேரள வனத்துறையின் இணையதளத்தில் இடம் பிடிக்க வேண்டும். மருத்துவச் சான்று, ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கட்டணம், மூன்று நாள் விடுப்பு எல்லாம் வேண்டும். உச்சியில் பூசைக்கும் அனுமதி இல்லை.

இரண்டும் ஏறியிருக்கிறேன். மறுபடி போவதென்றால் பொதிகைதான். அங்கே பகலில் நடக்கிறோம் என்பது ஒன்றே எனக்குப் போதும்.

வெள்ளியங்கிரியில் வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் ராத்திரியில்தான் ஏறுகிறார்கள். டார்ச் வெளிச்சத்தில் அடுத்த படியும் முன்னால் போகிறவரின் குதிகாலும்தான் தெரியும். வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை எல்லாம் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. நான் போனது பௌர்ணமிக் கூட்டத்தில். வாரநாளில் போனவர்கள் மலை அமைதியாக இருந்தது என்கிறார்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொதிகையில் திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டிலிருந்து காலையில் புறப்பட்டு, இருட்டுவதற்குள் அதிருமலை முகாமைப் பிடித்தாக வேண்டும். யானைக்காடு என்பதால் இதில் கண்டிப்பு அதிகம். அந்தக் கண்டிப்பால்தான் காட்டைப் பார்க்கவே முடிகிறது. கரமனை ஆற்றில் முகம் கழுவி, நிழலே இல்லாத புல்வெளியைக் கடந்து, முட்டிடிச்சான் தேரி என்கிற செங்குத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றபோது உடன் வந்த காணிப் பழங்குடி வழிகாட்டி ஒரு சிறுசெடியைக் காட்டினார். இதய வடிவில் இலை, தரையோடு தரையாக நின்றது. ஆரோக்கியப்பச்சை. களைப்பு தெரியாமல் நடக்கக் காணிகள் தின்னும் காய் அதில்தான் காய்க்கிறது. 1987-ல் அதைத் தின்னக் கொடுத்துத்தான் தாவரவியலாளர்களையே வியக்க வைத்தார்கள். இருட்டில் போயிருந்தால் மிதித்துவிட்டுப் போயிருப்பேன்.

முகாமைச் சுற்றி யானை அகழி. ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும். மறுநாள் பொங்காலப்பாறையைத் தாண்டிக் கயிற்றைப் பிடித்து ஏறினால் 1,868 மீட்டரில் அகத்தியர் சிலை. மேகம் விலகினால் கீழே தெரிவது நம் தாமிரபரணி பிறக்கும் காடு. 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள்.

பொதிகைக்கு ஜனவரிக்கு முன்பே வனத்துறை அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் பிப்ரவரியிலிருந்து மே வரை வெள்ளியங்கிரி இருக்கிறது. பௌர்ணமியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.