மாடிக் கூடத்தில் எழும்பிய டைல்ஸும் மாற்றிப் போட்ட தரையும்: ஆறு ஆண்டு அனுபவம்

2018 டிசம்பரில் ஒரு விடியற்காலை, மாடிக் கூடத்தில் பலகை முறிந்ததுபோல் ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், கூடத்தின் நடுவே இரண்டு வரிசை டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓட்டு வீட்டு முகடுபோல் நிமிர்ந்து நின்றன. திருச்சியில் இந்த மாடியைக் கட்டி 2012-இல் போட்ட தரை அது. இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைடு டைல்ஸ். அடியில் சிமெண்ட் கலவை, அதன்மேல் சிமெண்ட் பால். ஆறு ஆண்டுகளாக ஒரு குறையும் சொன்னதில்லை.

தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார்கள். டைல்ஸ் மட்டமான சரக்கு என்றார்கள். இரண்டும் இல்லை என்பது ஒரு டைலைக் கையில் எடுத்ததுமே தெரிந்தது. அச்சிலிருந்து வெல்லம் கழல்வதுபோல் முழுசாகக் கழன்று வந்தது. முதுகில் ஒரு துளி சிமெண்ட் இல்லை. தடவினால் சூளையிலிருந்து வந்த வெள்ளைத் தூள் விரலில் ஒட்டியது. கீழே கலவையில் டைலின் முதுகுக் கட்டங்கள் அத்தனையும் தெளிவாகப் பதிந்திருந்தன. பதிந்திருந்ததே தவிரப் பிடித்திருக்கவில்லை. அதைவிட முக்கியமானது அடுத்து நான் கண்டது: அதே டைலை அதே இடத்தில் திரும்ப வைத்தபோது உட்காரவில்லை. ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் இடம் குறைந்திருந்தது.

காரணம் அந்த இரண்டு மில்லிமீட்டரில் இருக்கிறது. கான்கிரீட் உலரும்போது மீட்டருக்குச் சுமார் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை சுருங்கும். அது முடிய ஆண்டுகள் ஆகும். என் கூடம் 22 அடி நீளம், அதாவது 6.7 மீட்டர். தளம் போட்டு இரண்டே மாதத்தில் டைல்ஸ் பதித்துவிட்டோம். சுருக்கத்தின் பெரும்பகுதி டைல்ஸுக்கு அடியில்தான் நடந்திருக்கிறது. டைலோ அப்படி உலர்ந்து சுருங்காது. குளிர் இறங்கும்போதும் கான்கிரீட்தான் டைலைவிட அதிகம் சுருங்குகிறது. 2018 ஜனவரியில் சிங்கப்பூரில் சில நாள்கள் தொடர்ந்து குளிர்ந்தபோது பல அடுக்குமாடி வீடுகளில் டைல்ஸ் எழும்பியது செய்தியானது. எங்கள் வீட்டிலும் அது மார்கழிக் குளிரில்தான் நடந்தது.

சுருங்கும் தரைமேல் சுருங்காத டைல் எங்காவது போக வேண்டும். பக்கத்தில் இடமிருந்தால் பக்கத்தில் போகும். நாங்கள் இடமே விடவில்லை. "இடைவெளி விட்டால் கோடு கோடாகத் தெரியும் சார், நெருக்கிப் போட்டால் ஒரே கல்லாக இருக்கும்" என்றார் மேஸ்திரி. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. சுவர் ஓரத்திலும் கலவையை இறுக்கி அடைத்து ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் டைல் பட்டை) வைத்தோம். நாலு பக்கமும் வழியில்லாமல், பிடிப்பு குறைந்த நடுப்பகுதி மேலே கிளம்பிவிட்டது. விட்ரிஃபைடு டைல் நீரை உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் குறைவு. பழைய செராமிக் டைல் சிமெண்ட் பாலை உறிஞ்சிப் பற்றிக்கொள்ளும், இது பற்றாது. டைல் மாறிவிட்டது, நம் ஊரில் அதைப் பதிக்கும் முறை மாறவில்லை. ஆண்டுக்கணக்கில் சம்பாதித்துக் கட்டும் வீட்டில் இப்படி நடக்க வேண்டியதில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

2019-இல் கூடத்தை முழுவதும் பெயர்த்தோம். பழைய கலவையைக் கொத்தி எடுத்து, புதிதாக மட்டம் செய்து, நாலு வாரம் காயவிட்டோம். இந்த முறை டைல்ஸ் ஒட்டும் பசை. மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற தர எண்ணும், விட்ரிஃபைடுக்கு ஏற்றது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். 20 கிலோ மூட்டை ஆறு பிடித்தது. முதல் நாள் வந்தவர் நாலு மூலையிலும் நடுவிலும் பசையை உருண்டையாக வைத்து டைலை அழுத்தினார். உடனே எடுக்கச் சொல்லிப் பார்த்தோம். பாதிப் பரப்பு வெறுமையாக இருந்தது. பிறகு பல் வைத்த கரணையால் தரை முழுவதும் பசையை இழுத்து, டைலின் முதுகை ஈரத்துணியால் துடைத்து, அதிலும் மெல்லிய பூச்சு கொடுத்துப் பதித்தார். டைல்ஸுக்கு நடுவில் இடைவெளி விட 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தோம். சுவர் ஓரத்தில் சுற்றிலும் 6 மில்லிமீட்டர் வெற்றிடம். அதில் கலவை விழாமல் தெர்மாகோல் பட்டை வைத்து, பிறகு எடுத்துவிட்டு ஸ்கர்ட்டிங்கால் மூடினோம். ஜன்னல் வெயில் விழும் பக்கம் ஒரு கோட்டில் மட்டும் கிரௌட்டுக்கு (இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவை) பதிலாக, அமுங்கிக் கொடுக்கும் சிலிகான். இப்படி அமுங்கிக் கொடுக்கும் கோடு, வெயில் நேரடியாகப் படும் தரையில் 8 முதல் 12 அடிக்கு ஒன்று, மற்ற உள்ளறைகளில் 20 முதல் 25 அடிக்கு ஒன்று என்பது அமெரிக்க டைல்ஸ் துறையின் வழிகாட்டு அளவு.

ஆறு ஆண்டுகளில் கூடத்தில் ஒரு டைல்கூட அசையவில்லை. நாணயத்தால் தட்டினால் எல்லா இடத்திலும் கெட்டியான சத்தம். குறை என்றால், வாசற்படி அருகே கிரௌட் கோடுகள் கறுத்துவிட்டன. சோப்புத் தூளும் பழைய பல் துலக்கியும் கொண்டு மாதம் ஒருமுறை தேய்க்க வேண்டும். சிலிகான் கோடு மஞ்சளடித்ததால் ஒருமுறை மாற்றினேன். ஒரே கல் போன்ற அந்தப் பளபளப்பு இல்லை. அது தேவையும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

வடக்கு அறையில் பழைய தரையே இருக்கிறது. தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும், அதாவது அடியில் பிடிப்பில்லாத டைல்களில் துளை போட்டு ஒயிட் சிமெண்ட் ஊற்றலாம் என்று ஒருவர் சொன்னார். நாலு டைலில் செய்து பார்த்தோம், பயனில்லை; முதுகில் பிடிக்காதது துளை வழியாகப் போனாலும் பிடிக்காது, நெருக்கமும் குறையாது. உதவியது வேறொன்று: ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, கட்டர் வைத்துச் சுவரோரம் சுற்றிலும் டைல்ஸை ஒரு விரல்கடை அறுத்துவிட்டோம். 2019-இல் தட்டிப் பார்த்தபோது பொள்ளென்று ஒலித்தவை 14. சாக்பீஸால் குறித்து வரைபடம் போட்டு வைத்தேன். இந்தப் பொங்கலுக்கு எண்ணினால் 19. எதுவும் எழும்பவில்லை. ஆனால் புதிய ஐந்தும் கட்டிலுக்கு அடியில் ஒரே வரிசையில் வருகின்றன. கோடை விடுமுறையில் அந்த அறையையும் பெயர்க்கிறோம்.