குவாண்டம் கணினிக்கு நிதி: ஊர் ஊராகப் பிரிப்பதா, ஒரே கூரையில் வைப்பதா?

ஆய்வுத் திட்டம் எழுதும்போது எங்கள் குழுவில் ஒரு வாக்குவாதம். குவாண்டம் சில்லைக் கடுங்குளிரில் வைக்கும் டைல்யூஷன் ஃப்ரிட்ஜைச் சொந்தமாகக் கேட்பதா, வேறொரு நிறுவனத்தின் பொதுக் கருவியில் நேரம் கேட்பதா? இரண்டாவதைத்தான் எழுதிக் கொடுத்தோம். நாடுகளுக்கும் இதே கேள்விதான், தொகை மட்டும் வேறு.

இந்தியா பிரித்துக் கொடுக்கிறது. 2023 ஏப்ரலில் அமைச்சரவை ஒப்புக்கொண்ட தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய். கணினிக்கு பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., தகவல்தொடர்புக்கு சென்னை ஐ.ஐ.டி., உணரிகளுக்கு மும்பை, பொருட்களுக்கு டெல்லி. ஒவ்வொன்றோடும் பல ஊர்க் குழுக்கள். ஆட்கள் பரவலாக உருவாவார்கள், சரி.

பிரிட்டனும் அறிவித்த 27 கோடி பவுண்டில் நான்கு மையங்களாகத்தான் தொடங்கியது. அப்புறம் ஹார்வெலில் தேசிய குவாண்டம் கணினி மையத்துக்கென்று தனிக் கட்டடம் எழுப்பி, 2024 அக்டோபரில் திறந்தது. ஏழு நிறுவனங்களின் சோதனை இயந்திரங்களுக்கு அங்கே 3 கோடி பவுண்டு. என் ஓட்டு இதற்குத்தான்.

காரணம் பராமரிப்பு. க்யூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. மீக்கடத்தியில் (மின்தடையே இல்லாத பொருளில்) செய்த க்யூபிட்டை 10, 20 மில்லிகெல்வினில், அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில், வைத்திருக்க வேண்டும். குளிர்நீர் நின்றால் ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் நிற்கும், உள்ளே சூடேறும். மறுபடி குளிர ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். குளிர்ந்த பிறகும் க்யூபிட்டின் அதிர்வெண் பழைய இடத்தில் இருக்காது, எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டும். பொங்கல் விடுமுறையிலும் யாராவது வந்து வாயுவில் உள்ள அழுக்கைப் பிடிக்கும் டிராப்புக்குத் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். ஃப்ரிட்ஜுக்குள் சுற்றும் அரிய வாயு ஹீலியம்-3 கசிந்தால் அதன் விலைக்கே தனி மானியம் கேட்கலாம்.

நம் மானியங்களில் கருவி வாங்கத் தாராளமாகக் கிடைக்கும், ஏ.எம்.சி.க்குத்தான் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குத்தான்) இழுபறி. திட்டம் முடிந்ததும் அதுவும் நின்றுவிடும். பிறகு யானையைக் கட்டித் தீனி போடுவது யார்? பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர். பொது மையம் என்றால் நிரந்தர டெக்னீஷியன் வைக்கலாம். பல குழுக்கள் சேர்ந்து சம்பளம் கொடுத்தால் கட்டுபடியாகும்.

இது மீக்கடத்திக்கான தீர்ப்பு மட்டுமே. அயனிகளையோ அணுக்களையோ க்யூபிட்டாக்கும் அயனிப் பொறி, நடுநிலை அணு வகைகளுக்கு இந்த ஃப்ரிட்ஜ் தேவையில்லை. அங்கே லேசர்தான் பாடு, நான் அதில் வேலை செய்ததில்லை. பொது மையத்திலும் தொல்லை உண்டு. நேரம் ஒதுக்க விதி இல்லையென்றால் கருவி இருக்கும் ஊர்க்காரர்களே முதல் பந்தி. ஆஸ்திரேலியா 2024இல் 94 கோடி ஆஸ்திரேலிய டாலரை சைகுவாண்டம் என்ற ஒரே குவாண்டம் கணினி நிறுவனத்தின் மேல் வைத்தது. அவ்வளவு துணிச்சல் எனக்கில்லை.

திட்டக்காலம் முடிந்த பிறகு ஏ.எம்.சி. யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம். அந்த ஒரு வரி இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.