எட்டு புயல் சீசன்களில் ரேடார் ஆப், கடல்மட்ட மானி, வெதர் ரேடியோ: டாம்பா விரிகுடாவிலிருந்து என் அனுபவம்

ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், டாம்பா விரிகுடாவிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி எங்கள் வீடு. புயல் வெள்ளம் வந்தால் யார் முதலில் வெளியேற வேண்டும் என்று பிரித்த மண்டலங்களில் எங்களுடையது 'பி'; 'ஏ'தான் முதலில். 2017இல் இர்மா புயல் வந்த வருடம்தான் இங்கே குடிவந்தோம். அப்போதிருந்து 2024 அக்டோபரில் மில்டன் வந்தது வரை எட்டு சீசன்கள், வரும் புயலை எல்லாம் திரையிலும் ரேடியோவிலும் பின்தொடர்ந்திருக்கிறேன். எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று இப்போது சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நான் கடலூர்க்காரன். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதுதான் சின்ன வயதில் எங்களுக்குப் புயல் செய்தி. அப்புறம் ஊரே கேட்பது ஒரே கேள்வி. அம்மா இன்றைக்கும் போனில் அதைத்தான் கேட்பார்: "கரையைக் கடந்துடுச்சாப்பா?" அந்தக் கேள்வியோடுதான் நானும் இங்கே வந்தேன். புயலின் கண் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குக் கரையைக் கடக்கும் என்று விடியவிடிய பார்ப்பேன். தண்ணீரும் டொர்னாடோ என்கிற சூறைச்சுழலும் அந்த நேரத்துக்கும் அந்த இடத்துக்கும் கட்டுப்படுவதில்லை என்பது மண்டையில் ஏற எனக்கு ஏழு வருடம் ஆனது.

முதலில் தேசியப் புயல் மையத்தின் இணையதளம். இது இலவசம், எல்லாவற்றுக்கும் அடிப்படையும் இதுதான். கோடைகால நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று ஆறு மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை வரும். கரைக்கு எச்சரிக்கை விடுத்துவிட்டால் இடையில் 2 மணிக்கும் 8 மணிக்கும் ஒன்று. எல்லோரும் பார்ப்பது அந்த வெள்ளைக் கூம்புப் படத்தை. கடந்த ஐந்து வருடக் கணிப்புகள் எவ்வளவு தவறின என்று கணக்கிட்டு, மூன்றில் இரண்டு முறை புயலின் நடுப்புள்ளி உள்ளே இருக்கும்படி வரைந்தது அது. அப்படியானால் மூன்றில் ஒரு முறை அந்த நடுப்புள்ளியே வெளியே போகலாம். புயல் எவ்வளவு பெரியது, தண்ணீர் எங்கே ஏறும் என்பதெல்லாம் அந்தக் கூம்பில் கிடையாது. நான் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'டிஸ்கஷன்' என்ற எழுத்து அறிக்கைக்குப் போய்விடுவேன். கணிப்பாளர் தன் பெயரைப் போட்டு, எதனால் இப்படி நினைக்கிறோம், எங்கே நிச்சயமில்லை என்று இரண்டு மூன்று பத்திகளில் எழுதியிருப்பார். எட்டு வருடமாக நான் ஒன்றுவிடாமல் படிப்பது அது ஒன்றைத்தான்.

இனி கடல்மட்ட மானி. அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் 'டைட்ஸ் அண்டு கரன்ட்ஸ்' பக்கத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நிலையத்தைத் திறந்தால், ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை கடல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று வரும். நீலக் கோடு வழக்கமான ஓதத்தின், அதாவது கடலின் அன்றாட ஏற்ற இறக்கத்தின் கணிப்பு, சிவப்புக் கோடு உண்மையில் அளந்தது. இரண்டுக்கும் நடுவே விரியும் இடைவெளிதான் புயல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர், இங்கே எல்லோரும் ஸ்டார்ம் சர்ஜ் என்று சொல்வது.

இந்தப் பக்கத்தில் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அந்த எண் எதிலிருந்து அளந்தது? பக்கம் திறந்தவுடன் வருவது சராசரித் தாழ்வோத மட்டத்திலிருந்து அளந்த உயரம். புயல் மையம் "5 முதல் 8 அடி" என்று சொல்வது தரைக்கு மேல் நிற்கும் தண்ணீரை. இரண்டையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். அளவைத் தேர்வில் உயரோத மட்டத்துக்கு மாற்றிக்கொண்டால்தான் கிட்டத்தட்ட ஒத்துவரும். எங்கள் நிலையத்தில் இந்த இரண்டு மட்டங்களுக்கும் இடையே இரண்டு அடிக்கு மேல் வித்தியாசம். இரண்டு அடி என்றால் வாசற்படிக்கும் கட்டில் மெத்தைக்கும் உள்ள தூரம்.

2024 செப்டம்பர் 26, ஹெலீன் வந்த இரவு. மையம் எங்களுக்கு மேற்கே 100 மைலுக்கும் அப்பால் கடலிலேயே வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஷோர் ஏக்கர்ஸ் பகுதியில் இருக்கும் நண்பர் மனைவி குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர்களுடையது மண்டலம் 'ஏ', கட்டாயம் வெளியேற வேண்டும். எங்கள் 'பி'க்கு அன்று உத்தரவு இல்லை. அவர் கையில் வெள்ளக் காப்பீட்டுக்காக எடுத்த தளமட்டச் சான்றிதழ் இருந்தது. அதில் வீட்டுத் தரையின் உயரம், நில உயரத்துக்கு இங்கே பொதுவாகப் பயன்படுத்தும் 'நேவ்டி' என்ற அளவையில் ஐந்து அடிக்குச் சற்று மேல். மானிப் பக்கத்திலும் அதே அளவையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அன்றுதான் கண்டுபிடித்தோம். மாற்றியதும் அந்த எண் நேராக அவர் வீட்டுத் தரையோடு பேச ஆரம்பித்துவிட்டது.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. ஆறு நிமிடம் காத்திருப்போம், பக்கத்தைப் புதுப்பிப்போம். 3.9. பிறகு 4.2. வெளியே எங்கள் தெருவில் பெரிய காற்றுகூட இல்லை, விட்டுவிட்டு மழை, அவ்வளவுதான். எண் ஐந்தைத் தாண்டியபோது அவர் ஒன்றும் பேசாமல் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் மனைவி குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி, "அண்ணா, இன்னும் ஏறுமா?" என்று என்னைக் கேட்டார். சிவப்புக் கோடு மேலேதான் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஹெலீன் இரவு 11.10 மணிக்கு, எங்களிடமிருந்து வெகு தூரம் வடக்கே, பெர்ரி நகருக்கு அருகே நான்காம் வகைப் புயலாகக் கரையைக் கடந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மானி உயரோத மட்டத்துக்கு மேல் 6 அடியைத் தாண்டியது. அதற்கு முந்தைய உச்சம் 1985இல் எலீனா புயலின்போது ஏறக்குறைய 4 அடி. கூம்பின் நடுக்கோட்டை மட்டும் பார்த்திருந்தால் அன்று இரவு நாங்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

காரணம் எளிது. இங்கே புயல்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். மையம் எங்களுக்கு மேற்கிலும் வடக்கிலும் கடந்தால் காற்று தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடித்துத் தண்ணீரை விரிகுடாவுக்குள் தள்ளும். மையம் தெற்கே போனால் நிலத்திலிருந்து காற்று அடித்துத் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். 2017இல் இர்மா வந்தபோது விரிகுடா வற்றி, டாம்பாவில் ஜனங்கள் கடல்தரையில் நடந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அன்று அது வேடிக்கையாகத் தெரிந்தது. போன தண்ணீர் எந்த வேகத்தில் திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது, இறங்கக்கூடாது.

மானிக்குக் குறைகளும் உண்டு. அது காட்டுவது நின்ற நீரின் மட்டம், மேலே அடிக்கும் அலையை அது கணக்கில் எடுப்பதில்லை. திறந்த கடற்கரையில் இருப்பவர்கள் அதற்கு மேலேயும் எதிர்பார்க்க வேண்டும். முக்கியமாக, அது முன்னெச்சரிக்கைக் கருவி அல்ல. ஏற ஆரம்பித்த பிறகு வண்டியை எடுக்க முடியாது, சாலைதான் முதலில் மூழ்கும். கிளம்புவதா இல்லையா என்பதை மண்டல எழுத்தையும் கவுன்ட்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) உத்தரவையும் வைத்து முந்தின நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

ரேடார்ஸ்கோப் ஆப் நான் வாங்கியபோது 10 டாலர். மற்ற ஆப்கள் மெருகேற்றிக் காட்டும் படத்தை இது ரேடாரிலிருந்து வந்தபடியே தரும். எங்களுக்கு அருகில் ரஸ்கின் ஊரில் இருக்கும் ரேடார். மழைப்படத்தை விட்டுவிட்டு 'வெலாசிட்டி'க்குப் போகப் பழகுங்கள். பச்சை என்றால் ரேடாரை நோக்கி வரும் காற்று, சிவப்பு என்றால் விலகிப் போகும் காற்று. பளிச்சென்ற பச்சையும் சிவப்பும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே காற்று சுழல்கிறது. இதைப் படிக்க எனக்கு இரண்டு சீசன் பிடித்தது. ஒன்றை மறக்கக்கூடாது: ரேடார் கற்றை தூரம் போகப்போக உயரும். 100 மைல் தள்ளி அது ஏறக்குறைய 10,000 அடி உயரத்தில்தான் பார்க்கும், தரையில் நடப்பது தெரியாது. அதனால் இருக்கும் இடத்துக்கு மிக அருகிலுள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதை நான் செய்யத் தவறிய நாள் அக்டோபர் 9. மில்டன் ஐந்தாம் வகைக்கு வலுத்து டாம்பாவை நோக்கி வருகிறது என்றார்கள். எங்கள் கவுன்ட்டியில் ஏ, பி, சி மூன்று மண்டலங்களும் வெளியேற உத்தரவு. ஃபுளோரிடாவைக் குறுக்கே கடந்து, கிழக்குக் கரையில் போர்ட் செயின்ட் லூசியில் இருக்கும் இன்னொரு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டோம். புயலிலிருந்து மொத்த மாநிலத்தின் அகலத்தையும் தள்ளி வந்துவிட்டோம் என்ற தைரியம். மதியம் முழுக்க என் திரையில் ரஸ்கின் ரேடார்தான், கடலில் சுழலும் கண்தான்.

பின்மதியத்தில் வீட்டிலிருந்த எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அலறின. டொர்னாடோ எச்சரிக்கை. வானிலை எச்சரிக்கை வந்தால் தானாகக் கத்தும் என் வெதர் ரேடியோ மட்டும் பையில் சத்தமே போடவில்லை. குழந்தைகளையும் பெரியவர்களையும் ஜன்னல் இல்லாத துணி அலமாரி அறைக்குள் ஏற்றி, மேலே மெத்தையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தோம். இருட்டில், ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையிலேயே இருக்கும் மெல்பர்ன் ரேடாருக்கு மாற்றினேன். வெளி மழைப்பட்டையில் பச்சையும் சிவப்பும் ஒட்டிய முடிச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு படமும் மாற ஒன்றிரண்டு நிமிடம். எங்கள் மேல் எதுவும் வரவில்லை. அதே கவுன்ட்டியில், ஃபோர்ட் பியர்ஸ் பக்கம் ஸ்பானிஷ் லேக்ஸ் குடியிருப்பில் ஆறு பேர் இறந்துபோனார்கள். அப்போது மில்டன் இன்னும் கரையைத் தொடவே இல்லை. இரவு 8.30 வாக்கில்தான், மாநிலத்தின் மறுபக்கம், சியெஸ்டா கீ அருகே கரையைக் கடந்தது. அன்று ஒரே நாளில் ஃபுளோரிடாவில் 126 டொர்னாடோ எச்சரிக்கைகள் விடப்பட்டன.

ரேடியோ ஏன் கத்தவில்லை என்றால், அதில் ஆறு இலக்கக் கவுன்ட்டிக் குறியீடு ஒன்று போட வேண்டும். நான் போட்டிருந்தது எங்கள் பினெல்லாஸின் 012103. செயின்ட் லூசிக்கு 012111. ஊர் மாறியபோது குறியீட்டை மாற்றவில்லை, என் தவறு. மற்றபடி மிட்லேண்ட் நிறுவனத்தின் அந்தச் சிறிய ரேடியோப் பெட்டியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. மின்சாரம் போனால் உள்ளே மூன்று ஏஏ பேட்டரி, செல் கோபுரமோ இணையமோ தேவையில்லை, நடுராத்திரியில் தூங்குபவனை எழுப்பிவிடும். ஒன்று மட்டும்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அன்று இரவு அலமாரி அறையிலிருந்து வெளியே வந்த பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மானியைத் திறந்தேன். சிவப்புக் கோடு கீழே சரிந்து எண் எதிர்க்குறிக்குப் போயிருந்தது. மையம் எங்கள் வீட்டுக்குத் தெற்கே கடந்ததால் விரிகுடாவின் தண்ணீரைக் காற்று வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் 6 அடியைத் தாண்டிய அதே மானி. தெற்கே வெனிஸ், மனசோட்டா கீ பக்கத்துக் கரைகள்தான் அந்தத் தண்ணீரை வாங்கின.

நான் கைவிட்டவையும் உண்டு. பத்து நாளுக்கு முந்தைய கணினி மாதிரிப் படங்களைப் பார்ப்பதில்லை, வயிற்றைக் கலக்குவதைத் தவிர அவற்றால் எனக்குப் பயன் இருந்ததில்லை. இலவச ஆப் ஒன்று டொர்னாடோ எச்சரிக்கையை அதன் நேரம் முடிந்த பிறகு அனுப்பியது, அன்றே நீக்கிவிட்டேன். நேரலை வீடியோக்கள் துணைக்கு நல்லது, ஆனால் அவை அரை நிமிடமாவது பின்தங்கியே ஓடும்.

சீசன் ஜூன் 1 அன்று தொடங்குகிறது. மே கடைசி வாரம் ரேடியோவில் பேட்டரி மாற்றுவேன். மூடியின் உள்பக்கம் எங்களுடையது, டாம்பா இருக்கும் ஹில்ஸ்பரோவின் 012057, செயின்ட் லூசி என்று நாங்கள் போகக்கூடிய கவுன்ட்டிகளின் குறியீடுகளை எழுதி ஒட்டியிருக்கிறேன். ஷோர் ஏக்கர்ஸ் நண்பர் தன் புதுச் சுவரில், ஹெலீன் தண்ணீர் நின்ற உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மானியின் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்.