பரஞ்சோதியா, நம்பியா? கோயில் பக்கத்துப் புத்தகக் கடையும் மூன்று தொகுதித் திருவிளையாடலும்

மதுரையில் வளர்ந்தவர்கள் திருவிளையாடற் கதைகளை முதலில் கண்ணால்தான் பார்க்கிறோம். ஆவணி மூலத் திருவிழாவில் நாரைக்கு முத்தி கொடுத்ததும், வளையல் விற்றதும், புட்டுத்தோப்பில் மண் சுமந்ததும் அலங்காரமாக வீதிக்கு வந்துவிடுவதால், நூலைத் திறந்து படிக்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு பரஞ்சோதி முனிவரின் புராணத்தை உரையோடு முழுமையாகப் படித்துவிடுவது என்று முடிவு செய்து, கீழமாசி வீதியிலிருந்து கோயில் பக்கம் திரும்பும் சந்து ஒன்றில் உள்ள சமய நூல் கடைக்குச் சென்றேன். புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே, தையல் இயந்திரச் சத்தத்தைக் கேட்டபடி புத்தகம் வாங்கிய காலம் போய், அங்கிருந்த வியாபாரிகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு, நான் போகும் கடையும் மாறிவிட்டது.

“திருவிளையாடல் வேணும்மா” என்றேன். கல்லாவில் இருந்த பெண், “பரஞ்சோதியாங்கய்யா, நம்பியா?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே அந்தக் கடைக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். பெரும்பற்றப்புலியூர் நம்பி பாடிய திருவாலவாயுடையார் திருவிளையாடற் புராணம் காலத்தால் முந்தியது, உ.வே. சாமிநாதையர் அதை 1906-இல் பதிப்பித்தார். இரண்டு நூல்களிலும் விளையாடல்கள் 64 என்றாலும், மக்கள் நாவில் நிலைத்தது பரஞ்சோதியின் நூல்தான். அதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது: “பாராயணத்துக்கா, பொருள் தெரிஞ்சு படிக்கவா?” பாராயணப் பதிப்பில் எழுத்து பெரிது, உரை கிடையாது, மடியில் வைத்து ஓதலாம். படிப்பதற்கு என்றேன். ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையின் மறு அச்சை எடுத்து மேசை மேல் வைத்து, விசிறியைத் திருப்பி விட்டு, பார்க்கச் சொன்னார். அரை மணி நேரம் புரட்டிக்கொண்டிருந்தேன். வாங்குகிறீர்களா என்று ஒரு முறைகூட யாரும் கேட்கவில்லை.

மதுரைக் காண்டத்தில் 18 படலங்கள், கூடற் காண்டத்தில் 30, திருவாலவாய்க் காண்டத்தில் 16 என்று காண்டத்துக்கு ஒன்றாக மூன்று தொகுதிகள். செய்யுள்கள் பழைய முறைப்படி சீர் பிரித்தே, அதாவது சொல் எங்கே முடிகிறது என்று பாராமல் ஓசை அளவுக்கு வெட்டியே, அச்சாகியுள்ளன. காப்புச் செய்யுளை எடுத்துக்கொள்ளுங்கள்: “சத்தி யாய்ச்சிவ மாகித் தனிப்பர” என்று தொடங்கி, “சுத்தி யாகிய சொற்பொரு ணல்குவ” என்று போகிறது. ‘யாய்ச்சிவ’ என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடிய ஒருவரை நான் அறிவேன்; பள்ளி நாளில் நான்தான் அது. ‘சொற்பொருள் நல்குவ’ என்பதுதான் ‘சொற்பொரு ணல்குவ’ ஆகியிருக்கிறது என்று தெரியாதவர் முதல் பக்கத்திலேயே நூலை மூடிவிடுவார். இப்போது வரும் சில மலிவுப் பதிப்புகள் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதாக எண்ணிச் செய்யுளையே பதம் பிரித்து, சொல்சொல்லாக அச்சிடுகின்றன. படிக்க எளிதுதான், ஆனால் வாய்விட்டு ஓதினால் சில இடங்களில் சீர் கூடிப்போய் ஓசை தட்டுகிறது. நாட்டார் செய்யுளைத் தொடவில்லை. கீழே இதன் பொருள் என்பதன் குறுக்கமான ‘இ-ள்’ என்று போட்டு, சொல்சொல்லாகப் பிரித்துப் பொருள் தந்து, இறுதியில் பொருளின்றி வரும் அசை எது, ஆகுபெயர் எது என்றும் சொல்லிவிடுகிறார். பாட்டை மேலே ஓதி, பொருளைக் கீழே கண்டு, மறுபடி மேலே போய் ஓதும் இந்தப் பழக்கம் பத்துப் பதினைந்து செய்யுளுக்குள் கை வந்துவிடுகிறது. 3,363 செய்யுள்களையும் ஒருவர் ஆசிரியர் இல்லாமல் படித்து முடிக்க முடியும் என்றால் அது இந்த உரையால்தான் என்பது என் தீர்ப்பு.

அச்சைப் பற்றி அவ்வளவு நல்ல சொல் என்னிடம் இல்லை. உரை எழுத்து பொடி; தாள் மெல்லியதாக இருப்பதால் மறுபக்கத்து எழுத்து நிழலாகத் தெரிகிறது. இரவு விளக்கில் எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. அதைவிடப் பெரிய குறை இரண்டாம் தொகுதியில் வந்தது. வளையல் விற்ற படலத்தில், வணிகனாக வந்த இறைவனிடம் வளை இட்டுக்கொள்ளப் பெண்கள் கூடும் இடத்தில் பக்கத்தைத் திருப்பினால், முன்பு படித்த 16 பக்கங்கள் மறுபடியும் வருகின்றன. வர வேண்டிய 16 பக்கங்கள் இல்லை. ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 16 பக்கக் கட்டான ஃபாரம் ஒன்றை இரண்டு முறை சேர்த்து, அடுத்ததை விட்டு பைண்டிங் செய்திருக்கிறார்கள். இது பதிப்பகத்தின் கவனக்குறைவு; பெயரைச் சொல்லிப் பயனில்லை. கடையில் காட்டியதும் மறுபேச்சின்றித் தொகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மாற்றுப் பிரதி வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை கதை அறுபடக் கூடாது என்று, விடுபட்ட பக்கங்களை வேறொரு பிரதியிலிருந்து நகலெடுத்து, பணம் வாங்காமல் கொடுத்தனுப்பினார்கள். வாங்குவோர் தொகுதிகளைக் கடையிலேயே பக்க எண் பார்த்துப் புரட்டிவிடுவது நல்லது.

தேவாரம், திருவாசகம், திவ்வியப் பிரபந்தம் எல்லாம் நிறையவே இருக்கின்றன. திருவாசகம் முழுவதையும் கூடி ஓதும் முற்றோதலுக்குப் போகிறவர்கள் கேட்கும் கையடக்கத் திருவாசகம் மட்டும் நான்கு அளவுகளில் கண்டேன். ஆனால் நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணம் கேட்டபோது மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுக்க வேண்டியிருந்தது. தேம்பாவணி இல்லவே இல்லை. மதுரை மிஷன் என்ற கிறித்தவ சமயப் பணியில் இருந்த வீரமாமுனிவரின் 3,615 பாடல் கொண்ட காப்பியம் மதுரைக் கடையில் கிடைக்கவில்லை என்பது எனக்குச் சற்று உறுத்தியது. அதைச் சொன்னேன். வந்தால் சொல்வதாக அந்தப் பெண் என் கைப்பேசி எண்ணைக் கணக்கு நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். இதை எழுதும் வரை அழைப்பு வரவில்லை. நானோ மூன்றாம் தொகுதியில், வலை வீசின படலத்துக்கு வந்துவிட்டேன்.