வெள்ளரி டெக்கீலா: நசுக்குவதா, ஊறவைப்பதா?

ஒரு வெள்ளரியை அரிந்து டெக்கீலாவிலேயே (கற்றாழை போன்ற அகாவே செடியிலிருந்து வடிக்கும் மெக்சிகோ மது) ஓரிரவு ஊறவைத்து வடிகட்டினால் பானம் தெளிவாக இருக்கும். பத்துப் பேருக்கு ஊற்றவும் வசதி. ஆனால் அந்தப் பச்சை வாசனை அடங்கிப்போகிறது.

என் ஓட்டு நசுக்குவதற்கே. நான்கைந்து வில்லைகளை ஷேக்கரில் போட்டு மரக்கட்டையால் அழுத்தியதுமே, அப்போதுதான் நறுக்கிய பிஞ்சின் மணம் எழுகிறது. அதில் 60 மி.லி. பிளாங்கோ (முதிரவைக்காத, நிறமற்ற) டெக்கீலா, 30 மி.லி. எலுமிச்சைச் சாறு, 15 மி.லி. அகாவே பாகு, நிறைய ஐஸ். ஷேக்கரின் வெளிப்புறம் பனி பூக்கும்வரை குலுக்கி, சல்லடையிலும் ஒருமுறை வடித்துவிடுங்கள். காம்பு நுனி கசந்தால் அந்தக் காய் வேண்டாம்.

இரண்டு வழிக்குமே புட்டியில் ‘100% அகாவே’ என்றிருக்க வேண்டும். மற்றவற்றில் நொதிக்கும் சர்க்கரையில் 51% அகாவேயிலிருந்து வந்தாலே டெக்கீலா என்றழைக்க மெக்சிகோ விதி அனுமதிக்கிறது. வெள்ளரியின் மென்மைக்கு முன்னால் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.