சுகர்காரர் கண்ணுக்கு ஓசிடியா, டை டெஸ்டா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கண் டாக்டரைப் பார்க்கப் போகும் சுகர்காரர்களிடம் சில நேரம் ஓசிடி (ஒளியால் எடுக்கும் கண் ஸ்கேன்), டை டெஸ்ட் (சாயம் ஏற்றி எடுக்கும் கண் படம்) என்று இரண்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். “ஒண்ணு எடுத்தா போதாதா?” என்று கேட்கத் தோன்றும். சில பேருக்குப் போதும்தான்.

விழித்திரையைச் சாதாரண கேமராவில் படம் எடுத்தால் மேற்பரப்பு மட்டும் தெரியும். ஓசிடி காட்டுவது, சக்கையை, அதாவது பலாப்பழத்தை, குறுக்கே அறுத்து வைத்தது போல, உள்ளே இருக்கும் அடுக்குகளை. 1991இல் அமெரிக்காவின் எம்ஐடி குழு வெளியிட்ட முறை இது. கண்ணுக்குள் அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை அனுப்பி, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கிறார்கள். தோலில் என்றால் ஒளி சிதறிவிடுவதால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் உருப்படியாக எதுவும் தெரியாது. கண் தெளிவானது, அதனால்தான் இந்த முறை இங்கே இப்படி எடுபட்டது. விழித்திரையின் நடுப்பகுதி கால் மில்லிமீட்டர் தடிமன்தான், ஆனால் சுமார் 5 மைக்ரான் வித்தியாசம்கூடப் பிடிபடும். நல்ல கண்ணில் நடுவில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். சுகரால் ரத்தக்குழாய் கசிந்து நீர் கோத்திருந்தால் பள்ளம் மேடாகி, உள்ளே கறுப்புக் கறுப்பாகக் குழிகள் தெரியும். ஊசி கிடையாது, தாடையை வைத்து உள்ளே தெரியும் குறியைப் பார்த்தால் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

டை டெஸ்டில் கை நரம்பில் ஃபுளோரசீன் சாயத்தை ஏற்றி, நீல ஒளியில் வரிசையாகப் படம் எடுப்பார்கள். சிலருக்குக் குமட்டும். தோல் லேசாக மஞ்சளிக்கும், சிறுநீரும் நிறம் மாறும், பயப்பட வேண்டாம். அரிதாகக் கடும் அலர்ஜி வருவதுண்டு, ஆகவே பழைய அலர்ஜி, கிட்னிக் கோளாறு எதையும் மறைக்காதீர்கள். ஆனால் எந்த ரத்தக்குழாய் கசிகிறது, எங்கே ஓட்டமே நின்றுபோனது என்று காட்டுவதில் இது கில்லாடி. சாயமில்லாமல் குழாய்களைக் காட்டும் ஓசிடி ஆஞ்சியோவும் வந்துவிட்டது. அதில் கசிவு தெரியாது, தலை அசைந்தால் படமும் கெடும்.

என் கணக்கில் நடுப்பார்வை மங்கினால் முதலில் ஓசிடி. கண்ணில் ஊசி போட்டபின் நீர் வற்றியதா என்று பார்க்கவும் அதுதான். டை டெஸ்ட், டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் மட்டும்.

முற்றிய புரையோ கண்ணுக்குள் ரத்தக்கசிவோ இருந்தால் ஒளி உள்ளேயே போகாது. அப்போது ஒலியலை பி ஸ்கேன்தான். அப்புறம், பரிசோதனைக்காகக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். குளச்சலிலிருந்து தனியாக பைக்கில் வராமல் பஸ்ஸில் வாருங்கள்.